அரக்கு நூல் கட்டிய காரைப் புதர்

என் சுகந்தி அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஓர் இலைதான். ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. வெயிலில் காய்கிற இலை மஞ்சளாகித்தான் காயும். இது பச்சையாக இருக்கும்போதே சூடு பட்ட இலை. தொட்டதும் விரலில் கரி ஒட்டியது. மோந்து பார்த்தேன். கற்பூர வாசனை.

எந்தச் செடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்றின் சரிவில், வட்டப் பாறைக்குக் கீழே, பெரிய காரைப் புதருக்குள் இருக்கிறதே, அதுதான். நீ அரக்கு நூல் கட்டிவைத்த புதர்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் அக்கா. இப்போது நான் நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போகிறேன். அங்கே இருக்கிற மேடம், வேலை செய்கிறவர்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் பத்திரிகை போடுகிறார். "நீ பேச மாட்ட, எழுதவாவது செய்" என்றார். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். உன்னைத் தவிர எனக்கு யாரிடம் பேசிப் பழக்கம்?

நீ காய்ச்சலில் படுத்த மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பாவின் ஷேர் ஆட்டோவில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாய். "ஆட்ட அவுத்து வுடு, மறந்துடாத" என்றாய். அதுதான் கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் நான் வேறு ஏதாவது கேட்டிருப்பேன். என்ன கேட்டிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்தாவது பாதியில் நின்றுவிட்டது. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூட எனக்குத் தொண்டை அடைக்கும். வாசல் வரை நீ கொண்டுவந்து விடுவாய், அந்தத் தைரியத்தில்தான் உள்ளே போவேன். நீ இல்லாத வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை. அப்பா திட்டினார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்ல? நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தலை வாருவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தட்டில் சோறு வைத்தால் பிசைவாள், சாப்பிட மாட்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பூவாடைக்காரியாகத் திரும்பி வருவாள் என்பது நம் பக்கத்து வழக்கம் ஆயிற்றே. ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சொம்பில் அழைத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். உன்னையும் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். "அவ எங்க இருக்குறான்னு தெரியாம, எங்க போய் நின்னு கூப்புடறது?"

இப்படி இருக்கும்போதுதான் நாற்றுப் பண்ணைக்காரர்கள் குன்றில் காடு வளர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

குன்றடியில் பந்தல் போட்டு ஊரையே கூட்டினார்கள். என்ன மரம் வைக்கலாம் என்று மேடம் கேட்டார். நம் ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டுமா? "வேப்பமரம் வைங்க", "புங்கமரம் வைங்க, நெழலு கெடைக்கும்", "தேக்கு வெச்சா துட்டு" என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். எதிர்வீட்டு நாகம்மா அத்தை எழுந்து, "மல்லிச் செடி வைங்க மேடம், நாங்க பறிச்சிப் பெரிய காஞ்சிபுரத்துல வித்துக்குவோம்" என்றாள். பந்தலே சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச மரம் அப்புறம். யாரும் நடாம இந்தக் குன்றுல தானா இருந்தது எது? அதச் சொல்லுங்க" என்றார்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. யோசித்து யோசித்துச் சொன்னார்கள். காரை, களா, நுணா, வெட்பாலை, உசிலை, அழிஞ்சில். சண்டையும் வந்தது. உசிலை குன்றிலா, ஓடையோரத்திலா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. மேலே பாறைப் பக்கம் பாலைமரம் இருந்தது, பழம் பொறுக்கித் தின்றிருக்கிறோம், வாயெல்லாம் பிசுபிசு என்று ஒட்டும், அதை எப்போதோ தூணுக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாகம்மா அத்தை சொன்னாள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலை விதையைப் பண்ணையில் போட்டால் லேசில் முளைப்பதில்லை, முளைத்தாலும் ஆமை மாதிரி வளர்கிறது, குன்றில் தானாக முளைத்த கன்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

கடைசி வரிசையில் பந்தல் காலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

நமக்குத் தெரியும் அல்லவா? ஆடு ஓட்டிக்கொண்டு போன நாட்களில் நாம் கண்டுபிடித்தது அது. வெட்டவெளியில் முளைக்கிற எதையும் ஆடு விடாது. காரையும் சூரையும் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் மட்டும், குருவி எச்சத்தில் விழுந்த விதை உள்ளே முளைத்து, முள்ளுக்கு மேலே தலை தூக்கும்வரை ஒளிந்து வளரும். நீ வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து எட்டிப் பார்ப்பாய். "தேவி, இங்க ஒண்ணு குடியிருக்குது பாருடி" என்பாய். ஆட்டுப் பட்டிக்கு முள் வெட்ட நம் வீட்டு ஆட்களே அங்கேதான் வருவார்கள். தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்று, நீ தார்க்குச்சியில் நூல் சுற்றப் போகிற தறிக்காரர் வீட்டில் கழித்துப் போட்ட பட்டு நூலை எடுத்துவந்து, ஒவ்வொரு புதரின் அடிக்கிளையிலும் கட்டினாய்.

பெரிய காரைக்குள் இருந்ததை நீ பாலை என்றாய். நான் இலுப்பை என்றேன். ஞாபகம் இருக்கிறதா? இலையைக் கிள்ளினால் பால் வருகிறது, அதனால் பாலை என்றாய். இலுப்பைக்கும்தான் பால் வரும் என்று நான் சொல்ல, அன்று முழுவதும் சண்டை. நான் வாய் ஓயாமல் சண்டை போட்ட ஒரே ஆள் நீதான். அத்தனை பேர் நடுவில் எழுந்து, பாலை இருக்கிறது என்று சொல்லி, போய்ப் பார்த்தால் இலுப்பையாக இருந்துவிட்டால்? அந்தச் சிரிப்பை நினைத்தே எனக்கு வியர்த்தது. நீ இருந்திருந்தால் நான் உன் முதுகைத்தான் கிள்ளியிருப்பேன். நீ சொல்லியிருப்பாய்.

பிறகு சீமைக்கருவேலத்தைப் பிடுங்க இயந்திரம் வந்தது. சரிவில் பெண்கள் நாங்கள் கையால் வெட்டினோம். நாட்டுப் புதர்களை விட்டுவிடும்படி மேடம் சொல்லியிருந்தார். ஆனால் நம்மவர்களுக்கு முள் என்றால் முள்தான். கன்று நடுகிற குழி வரிசை நேராக வர வேண்டுமே, நடுவில் புதர் நின்றால் கயிறு கோணும் என்று காரையையும் வெட்டிக்கொண்டே போனார்கள். வெட்டின முள்ளை இழுத்துப் போடுவது என் வேலை. பெரிய காரையை நெருங்கியபோதும் நான் முள்ளைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. நாகம்மா அத்தை குனிந்து கத்தியை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

"ஐயோ, கத்தியக் கீழ போடுங்கடி!"

"இன்னாக்கா, பாம்பா?"

"பாம்பு இல்லடி. நூலு கட்டியிருக்குது பாரு. பட்டு நூலு."

"காரைப் புதருக்கு எவ வந்து பட்டு நூலு கட்டுவா? நமக்கே கல்யாணத்துக்குத்தான் பட்டு."

"எவளும் கட்டலடி. அதத்தான் சொல்லிக்கினு இருக்கறன்."

எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மஞ்சள் எடுத்துவர ஒருத்தி வீட்டுக்கு ஓடினாள். அரக்கு நிறம், அதுவும் பட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சரிவு. பூவாடைக்காரி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டார்கள். புதர் பிழைத்ததே என்று நான் பெருமூச்சு விட்டேன். அதற்கு மேல் அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நாகம்மா அத்தை நேராக நம் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் அம்மா குன்றுக்கு வந்தாள். நூலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எம் பொண்ணு சுத்துற நூலு. இங்க வந்து உக்காந்துக்கினு இருக்குறியாடி? நான் ஊரெல்லாம் தேடிக்கினு இருந்தனேடி" என்று தரையில் விழுந்து அழுதாள். நீ போன நாளில்கூட அம்மா அப்படி அழவில்லை அக்கா.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். எண்ணெய் வைத்து வாரினாள். உலை வைத்தாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, "நீ சாப்டியாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! அந்த நூலைக் கட்டியது யார் என்று அப்போது நான் எப்படிச் சொல்வேன்?

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா தட்டோடு போனாள். நின்று கும்பிட இடம் வேண்டும் என்று முதலில் முன்பக்கத்து முள்ளைக் கொஞ்சம் வெட்டினார்கள். பிறகு குழந்தைக்குச் சரியில்லை என்று ஒருத்தி வந்தாள். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று இன்னொருத்தி வந்தாள். வழி அகலமானது. வெட்டின முள் பக்கத்தில் குவிந்து காய்ந்தது. அகலமான வழியில் மனிதர் மட்டுமா வருவார்கள்? ஓரமாக இருந்த அழிஞ்சில் கன்றை யார் வீட்டு ஆடோ அடியோடு கடித்துவிட்டது. குச்சிதான் மிச்சம். கற்பூரத்தைத் தரையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த இடத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை, நம் செடி.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கருகின இலையைப் பார்த்தேன்.

நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்தால் நீ அம்மாவுக்கு அந்தப் புதரில் இருக்கிறாய். நீ கட்டிக் காத்தது மட்டும் செத்துப்போகும். பேசினால் செடி பிழைக்கும். அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால்? ஒரு வாரம் முழுவதும் மண் நிரப்பிக்கொண்டே உன்னைக் கேட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் அல்லவா நீ?

வெள்ளிக்கிழமை அம்மாவோடு நானும் போனேன். வேறு யாரும் வருவதற்கு முன்பே போய்விட்டோம். அம்மா தீப்பெட்டியை எடுத்தாள்.

"கற்பூரம் வேணாம்மா."

"ஏன், காத்தடிக்குதா?"

"இல்ல. உள்ள செடி இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். அவ பாத்துக்குவா."

"அவதாம்மா பாத்துக்கினு இருந்தா. அந்த நூல அவதான் கட்டுனா. உயிரோட இருக்கசொல்ல கட்டுனா."

அம்மா தீக்குச்சியைக் கையிலேயே பிடித்திருந்தாள். "இன்னாடி சொல்ற?"

"முள்ளு வெட்ட வர்றவங்க இத வெட்டிடக் கூடாதுன்னு அடையாளத்துக்குக் கட்டுனாம்மா. நானும் கூட இருந்தன். மேல இன்னும் நாலஞ்சு புதர்ல இருக்குது."

அம்மா குனிந்து முடிச்சைப் பார்த்தாள். அறுந்த இழையைச் சேர்ப்பதற்கு நீ போடுவாயே, அந்தச் சின்ன முடிச்சு. வீட்டில் பாவாடை நாடா அறுந்தால்கூட அதைத்தான் போடுவாய். அம்மாவுக்குத் தெரியாதா?

"இத்தினி நாளு ஏண்டி சொல்லல?"

"நீ சாப்ட ஆரம்பிச்சியேம்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவ இங்க வரலயா?"

"தெரியலம்மா."

"அப்ப நான் எங்கடி போய் அவளக் கூப்புடுவேன்?"

அம்மா தட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று அடுப்பு எரியவில்லை. அப்பா ஐயம்பேட்டை நிறுத்தத்திலிருந்து பொட்டலம் வாங்கிவந்தார். அம்மா அதைத் தொடவில்லை. நானும்தான்.

ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்தவரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கஷ்டத்திலேயே பெரியதை முதலில் செய்துவிட்டேன் போலிருக்கிறது. திங்கட்கிழமை மேடத்திடம் போய், "முள்ளுக்குள்ள முளைச்சிருக்குது மேடம்" என்றேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. என்னோடு ஏறி வந்தார். புதருக்கு முன்னால் அவரும் உன்னைப் போலவே வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டார் அக்கா. எனக்குத் திரும்பி நின்றுகொள்ள வேண்டியிருந்தது.

"இலுப்பைதான மேடம்?"

"இல்ல தேவி, பாலை. இலுப்பை இலை நீளமா, கிளை நுனியில கொத்தா வரும். இது தடிப்பா, நுனியில லேசா உள்வாங்கி இருக்குது பாரு. பாலையேதான்."

நீ ஜெயித்துவிட்டாய். கேட்டாயா? நீதான் ஜெயித்தாய். இதைச் சொல்லித் தோற்றுப்போக எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழி வரிசைக் கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். இனிமேல் மிச்சம் இருக்கிற காரை, சூரைப் புதர்களை ஒட்டித்தான் கன்று வைப்பார்களாம். வேம்பும் புங்கனும் ஏரிக்கரைக்குப் போகின்றன. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், ஆற்றங்கரைக் கோயிலில் நிற்கிற பாலைமரத்தடியில் விதை பொறுக்கி, முள்ளுக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம் என்று மேடம் சொல்கிறார். அதுவும் முளைக்குமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. எந்தப் புதருக்குள் எது இருக்கிறது என்று நான்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு போனேன். ஏற்கெனவே வெட்டிவிட்ட புதர்களில் என்னென்ன இருந்ததோ, அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை. நாகம்மா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, இத்தினி வார்த்த பேசுவியா நீ?" என்றாள். பிறகு நூலைப் பார்த்து, "சாமி கட்டுனா இன்னா, உங்கக்கா கட்டுனா இன்னா. நான் வெட்ட மாட்டன், போ" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை அம்மா மறுபடியும் வந்தாள். நான் அப்போது சரிவில்தான் இருந்தேன். தட்டு இல்லை, கற்பூரம் இல்லை. கையில் பித்தளைச் சொம்பு மட்டும்.

"அந்த நூல அவுத்துக் குடு" என்றாள்.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அம்மாவே சொன்னாள். "அவ கை பட்டது. வூட்டுக்குக் கூட்டிக்கினு போறன். அவ எதுக்கு வெயில்லயும் முள்ளுலயும் கெடக்கணும்?"

படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். முள் இரண்டு மூன்று இடத்தில் கீறியது. அந்த முடிச்சை நீ எவ்வளவு இறுக்கி வைத்திருந்தாய்! மழையிலும் வெயிலிலும் நிறம்தான் வெளுத்திருந்தது, முடிச்சு நெகிழவில்லை. நகத்தால் முடியாமல், தலையையும் உள்ளே நுழைத்துப் பல்லால்தான் அவிழ்த்தேன். அம்மா சொம்பை நீட்டினாள். நூலை அதற்குள் போட்டேன்.

"வாம்மா சுகந்தி, வூட்டுக்குப் போலாம்" என்று அம்மா கூப்பிட்டாள். சந்தைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று உன்னைக் கூப்பிடுவாளே, அதே குரல். நீ வந்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். வீட்டில் இப்போது அந்தச் சொம்புக்கு முன்னால்தான் விளக்கு எரிகிறது. அம்மா கொஞ்சம் சாப்பிடுகிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

புதரில் இனி அடையாளம் இல்லை. கத்தியோடு யார் வந்தாலும் நின்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகையால் நான் சொல்ல வேண்டும். சொல்வேன் அக்கா. கூட்டமாக இருந்தாலும், சிரித்தாலும், தொண்டை அடைத்தாலும், இதற்குள் பாலை இருக்கிறது, வெட்டாதீர்கள் என்று சொல்வேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அன்று அம்மா குன்றடியில் போய் அப்பாவின் ஆட்டோவில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, பக்கத்தில் குவிந்து கிடந்த முள்ளை ஒவ்வொரு கிளையாக இழுத்துவந்து, அந்த வழியை அடைத்தேன்.

உன் முதுகுக்குப் பின்னாலேயே நின்று வளர்ந்த தங்கச்சி,
தேவி